கேட்பவருக்கும் தெரியாத பதில்

"பேர் எழுத மாட்டோம்னு சொல்றீங்க. ஆனா கதவு நம்பரை எழுதிட்டீங்களே தம்பி?"

மகளிர் குழுக் கடன் பற்றிய ஒரு கணக்கெடுப்புக்காகப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா இப்படிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் கேள்வித்தாளில் பெயருக்கு இடம் கிடையாது, உண்மைதான். ஆனால் தெரு, கதவு எண், வயது, எத்தனை பிள்ளைகள், எந்தக் குழு என்று மற்ற எல்லாம் இருந்தன. நாற்பது வீடுள்ள தெருவில் இவ்வளவு தெரிந்தால் பெயர் எதற்கு?

அடுத்து நான் கேட்க வேண்டிய கேள்வி இது: "உங்கள் பேரில் எடுத்த கடனை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா?" ஊரில் நடக்காத காரியம் இல்லை. தங்கச்சிக்கு அவசரம் என்பார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழுவில் இடமில்லை என்பார்கள், நம் பேரில் லோன் எடுத்துக் கொடுப்போம். கடன் கொடுத்தவர்களுக்குத் தெரிந்தால் அடுத்த கடன் கிடைக்காது. அந்த அம்மா "இல்லை" என்றார். அன்றைக்கு அந்தத் தெருவில் கேட்ட எல்லோருமே "இல்லை" என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பதில்களைக் கூட்டி, அப்படி ஒரு பழக்கமே இல்லை என்று அறிக்கை எழுதினால், பொய் சொல்வது அவர்களல்ல, நாங்கள்தான்.

"ரகசியமாக வைத்திருப்போம்" என்பது ஒரு வாக்கு. சொல்பவரை நம்பினால்தான் அதற்கு மதிப்பு. தொலைந்துபோன டேப்லெட், தவறான ஆளுக்குப் போன மின்னஞ்சல், மேலிடத்திலிருந்து வரும் ஒரு அழைப்பு, இவை எதையும் அந்த வாக்கு தடுக்காது. ஆகவே நம்பச் சொல்லாமலே ஆளைக் காப்பாற்றும் ஏற்பாடு ஒன்று வேண்டும்.

அந்த ஏற்பாட்டை 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் எழுதினார். பதில் சொல்பவர் கையில் ஒரு சுழல்முள்ளைக் கொடுத்துவிடுகிறார். முள் எங்கே நிற்கிறது என்பது பதில் சொல்பவருக்கு மட்டுமே தெரியும். ஒரு பக்கம் நின்றால் "நான் இந்த வகையைச் சேர்ந்தவர்" என்ற கூற்றுக்கும், மறுபக்கம் நின்றால் "சேராதவர்" என்ற கூற்றுக்கும் ஆம், இல்லை சொல்ல வேண்டும். எந்தக் கூற்றுக்குப் பதில் வந்தது என்று கேட்டவருக்குத் தெரியாது. ஆனால் முள் எந்தப் பக்கம் எத்தனை பங்கு நிற்கும் என்பது முன்பே தெரியும் என்பதால், மொத்தக் கணக்கைப் பிரித்தெடுத்துவிடலாம். நம் நாட்டிலும் இதை ஆழமாக ஆராய்ந்தவர்கள் உண்டு. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அரிஜித் சௌத்ரி பல ஆண்டுகள் இதில் உழைத்தவர்.

களத்தில் நான் பயன்படுத்துவது இதைவிட எளிமையான முறை. லூடோ விளையாடும் கட்டை ஒன்று, மூடி உருட்ட ஒரு எவர்சில்வர் டம்ளர். 1 விழுந்தால் உண்மை எதுவானாலும் "ஆமாம்" சொல்ல வேண்டும். 6 விழுந்தால் "இல்லை". 2 முதல் 5 வரை எது விழுந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். கட்டையை அவர் மட்டும் பார்ப்பார். நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில், ஆயுதக் குழுக்களோடு தொடர்பு உண்டா என்று கேட்டறிந்த ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட கட்டை முறையைத்தான் கையாண்டார்கள்.

600 பெண்களிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 100 பேருக்கு 1 விழுந்திருக்கும், 100 பேருக்கு 6. மிச்சம் 400 பேர் சொன்னது உண்மை. மொத்தம் 180 "ஆமாம்" வந்தால், கட்டை சொல்லவைத்த 100ஐக் கழித்துவிட வேண்டும். மீதி 80. 400இல் 80 என்றால் 20 சதவீதம். கடனைக் கைமாற்றியவர்கள் ஐந்தில் ஒருவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யார் என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

இந்தப் பாதுகாப்பு முழுமையானது என்று சொல்லி யாரையும் ஏமாற்றக் கூடாது. மேலே உள்ள கணக்கையே மறுபடி பாருங்கள். 600இல் 20 சதவீதம் என்றால் உண்மையில் 120 பேர் கைமாற்றியவர்கள். அவர்களில் 80 பேர் தாமாகவும், 20 பேர் கட்டையாலும் "ஆமாம்" என்றிருப்பார்கள். ஆக 180 "ஆமாம்"களில் 100 உண்மை, 80 கட்டையின் வேலை. பட்டியல் திருடு போய், அதில் "ஆமாம்" என்றிருக்கும் ஒரு பெண்ணை யாராவது கைகாட்டினால், பாதிக்குக் கொஞ்சம் குறைவான வாய்ப்பில் அது தவறு. மறுக்க அவருக்கு இடம் இருக்கிறது, ஆனால் சந்தேகம் முழுக்கப் போய்விடவில்லை. இன்னும் காப்பு வேண்டுமென்றால் கட்டை பேசும் பங்கைக் கூட்ட வேண்டும். கூட்டக் கூட்ட நமக்குக் கிடைக்கும் தகவல் தேயும். மேலே சொன்ன விதியிலேயே, நேராகக் கேட்டு எல்லோரும் உண்மை சொன்னால் கிடைக்கும் அதே துல்லியத்துக்கு மூன்று மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டியிருக்கும். "மாதிரி அளவு ஏன் இவ்வளவு பெரிசு?" என்று நிதி தருபவர் கேட்கும்போது, அந்தச் செலவில்தான் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லத் தயங்காதீர்கள்.

நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. பதில் சொல்பவருக்கு மட்டும் விதி புரிந்தால் போதாது. நம் வீடுகளில் தனியாகப் பேச இடம் ஏது? வாசலில் அக்கம்பக்கத்தார், அடுக்களையில் மாமியார். மருமகள் கட்டையை உருட்டி "ஆமாம்" என்கிறாள். அவளுக்கு விழுந்தது 1. உள்ளே இருந்து கேட்ட மாமியாருக்குக் கட்டையும் தெரியாது, கணக்கும் தெரியாது. அவர் காதில் விழுந்தது "ஆமாம்" மட்டும்தான். காப்பாற்றக் கொண்டுபோன கட்டையே அந்த வீட்டில் ஒரு சண்டைக்கு விதை போட்டுவிடும். அதனால் இப்போதெல்லாம் காதில் விழும் தூரத்தில் இருக்கும் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து விதியைச் சொல்கிறோம்.

இன்னொரு சிக்கலும் இதே இடத்தில் பிறக்கிறது. செய்யாத ஒன்றை "ஆமாம்" என்று சொல்ல நல்லவர்களுக்கு வாய் வருவதில்லை. 1 விழுந்தும் "இல்லை" என்றுவிடுவார்கள். "பொய் சொல்லச் சொல்றீங்களே" என்று என்னிடம் வருத்தப்பட்ட அக்காமார்கள் உண்டு. அவர்கள் அப்படிச் செய்தால் நாங்கள் கழிக்கும் 100 மிகையாகிவிடும், மதிப்பீடு கீழே விழும். இதைத் தவிர்க்க, இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டு, இரண்டுக்கும் பதில் ஒன்றா, வேறு வேறா என்று மட்டும் சொல்லச் சொல்லும் முறை 2008இல் வெளியானது. ஒன்று உங்கள் ரகசியம், மற்றது "உங்கள் அம்மா பிறந்தது ஜனவரி முதல் மார்ச்சுக்குள்ளா?" என்பது போல, எத்தனை பங்குப் பேருக்கு "ஆமாம்" வரும் என்று முன்பே கணிக்க முடிகிற சாதாரணக் கேள்வி. யாரும் எதையும் ஒப்புக்கொள்வதாகத் தோன்றாது.

படிக்க அழகாக இருக்கிறது. நம் கிராமங்களில் எடுபடாது. அம்மாவின் பிறந்த மாதம் தெரியாதவர்கள் ஏராளம். தெரிந்த தேதியும், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய ஜூன் மாதத் தேதியாகவே பலருக்கு இருக்கும். ஆகவே பிறந்தநாளை விட்டுவிட்டு, அவர் முந்தானையில் முடிந்திருக்கும் ரூபாய் நோட்டை எடுக்கச் சொன்னோம். அதன் எண்ணின் கடைசி இலக்கம் 0, 1, 2 ஆகியவற்றில் ஒன்றா என்பதே இரண்டாவது கேள்வி. நோட்டு அவருடையது, நாங்கள் தொடுவதில்லை. கட்டைக்குப் பதிலாகச் சீட்டுக் குலுக்கிப் போடும் முறையை மட்டும் கைவிட்டேன். கோயிலில் பூ போட்டுப் பார்த்துப் பழகிய ஒரு பாட்டி, வந்த சீட்டைச் சாமி சொன்ன பதிலாகவே எடுத்துக்கொண்டார். அவர் நம்பிக்கையோடு விளையாட எனக்கு உரிமையில்லை.

நேராகக் கேட்டால் கிடைக்கவே வாய்ப்பில்லாத உண்மை இப்படி வெளிவந்ததற்கு, எனக்குத் தெரிந்த வலுவான சான்று விளையாட்டுலகில் இருக்கிறது. 2011இல் தென்கொரியாவின் டேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியிலும், தோஹாவில் நடந்த அரபு நாடுகளின் போட்டியிலும் 2,167 வீரர்களிடம் ஊக்கமருந்து பற்றிக் கேட்டார்கள். தெரிந்த ஒருவரின் பிறந்தநாளை மனத்தில் நினைத்து, அது மாதத்தின் எந்தப் பகுதியில் வருகிறது என்பதைப் பொறுத்து, மருந்து பற்றிய கேள்விக்கோ சம்பந்தமில்லாத வேறொரு கேள்விக்கோ பதில் தர வேண்டும். முந்தைய ஓராண்டில் ஊக்கமருந்து எடுத்தவர்கள் டேகுவில் 43.6 சதவீதம், தோஹாவில் 57.1 சதவீதம் என்று மதிப்பீடு வந்தது. ரத்தம், சிறுநீர்ச் சோதனைகளில் பிடிபட்டவர்களோ முறையே 0.5, 3.6 சதவீதம்தான். இந்த முடிவுகள் 2018இல்தான் அச்சேறின.

இதே யுக்தி இன்று கணினியிலும் போனிலும் வேலை செய்கிறது. 2014இல் கூகுள் குரோமிலும், 2016 முதல் ஆப்பிள் போன்களிலும், பயனரின் தகவல் வெளியே போகும் முன்பே அதில் தற்செயல் பிழையைக் கலந்து அனுப்பும் வழி வந்தது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. கணவன் அடிக்கிறானா என்று ஒரு பெண்ணிடம் கேட்கும்போது நான் கட்டையை எடுப்பதில்லை. அவள் "ஆமாம்" என்றால் அது அவள் குரலா, கட்டையின் குரலா என்று எனக்குத் தெரியாமல் போகும். உதவி கேட்க வாய் திறந்தவளிடம் அப்படி நடந்துகொள்ள முடியாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம், தனிமை கிடைத்தால் மட்டுமே அந்தக் கேள்விகள். கிடைக்காவிட்டால் கேட்பதே இல்லை.

உங்கள் அலுவலகத்திலோ கல்லூரியிலோ "பெயர் வேண்டாம், மனம் திறந்து சொல்லுங்கள்" என்று ஒரு படிவம் வந்தால், பெயரைத் தவிர வேறு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். துறை, வயது, பாலினம், எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்டிருந்தால், அந்தத் துறையில் அந்த வயதில் இருக்கும் ஒரே பெண் நீங்கள்தானா என்று யோசியுங்கள். ஆமென்றால், அந்தக் கட்டங்களை நிரப்பாமல் விட உங்களுக்கு உரிமை உண்டு.

பின்னர் வேறோர் ஊரில் அதே கடன் கேள்வியோடு போனபோது, முதலில் "இன்னைக்குக் காலையில சாப்டீங்களா?" என்று கேட்டு நாலைந்து சுற்று ஒத்திகை பார்த்தோம். எங்களோடு கணக்கெடுக்க வந்த பெண்ணே முதலில் உருட்டிப் பதில் சொல்லிக் காட்டினார். அப்புறம் உண்மையான கேள்வி. டம்ளரைத் தூக்கிப் பார்த்த ஒரு பெண், உரக்கவே "ஆமாம்" என்றார். பக்கத்தில் இருந்தவர் புருவத்தைத் தூக்கினார். "என்னடி பாக்குற? எனக்கு ஒண்ணு விழுந்துச்சோ என்னவோ, உனக்கென்ன தெரியும்?" என்றபடி கட்டையை டம்ளருக்குள் போட்டுக் குலுக்கி அவரிடமே நீட்டினார்.