மறுமொழிக்குப் பொறுங்கோ

"தேப்பனும் மூண்டு வயசிலைதான் மிஸ் கதைச்சவர்." பேச்சு, மொழிச் சிகிச்சைக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பம்மாமார் கதிரையில் இருக்க முன்னமே சொல்கிற வசனம் இது. பொய் என்று சொல்லமாட்டேன். பிந்திக் கதைக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் பிறகு மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள்தான். ஆனால் எந்தப் பிள்ளை தானாக எட்டும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. தேப்பனுடைய சாதகம் மகனுக்குப் பொருந்தவேண்டும் என்றும் இல்லை.

இந்தத் தொழிலில் வயதெல்லை கிடையாது. ஒன்றரை வயதுப் பிள்ளையும் வரும், பாரிசவாதத்தில் பேச்சை இழந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் வருவார். இரண்டு வீட்டாரிடமும் நான் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: நீங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுமொழிக்கு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? யாழ்ப்பாணத்து வீட்டில் கதைக்குப் பஞ்சமில்லை. பொறுத்திருப்பதற்குத்தான் பஞ்சம்.

பிள்ளையிலிருந்து தொடங்குகிறேன். "போன் குடுத்தாத்தான் சாப்பிடுவான்" என்று சொல்லாத தாய் இப்போது குறைவு. தண்ணிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்திருப்பார்கள். பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்காது, கரண்டி வந்தால் வாயைத் திறக்கும். சோறு முடிந்துவிடும். அந்த அரை மணித்தியாலத்தில் பிள்ளை "காணும்" என்று சொல்லவோ, தலையைத் திருப்பி மறுக்கவோ, பொரியலைக் காட்டிக் கேட்கவோ ஒரு தேவையும் வரவில்லை. கதைக்க வேண்டிய நேரமே இல்லாமற் போய்விட்டது.

அமெரிக்காவில் பற்றிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒன்பது மாத வயதுடைய, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளில் ஒரு பகுதிக்குச் சீன மொழியை ஆள் நேரே இருந்து கதைத்து விளையாடினார்கள். இன்னொரு பகுதிக்கு அதே ஆட்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நேரே கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகினார்கள். திரையில் பார்த்தவர்கள் பழகவில்லை. ஆள் அதே, சொல் அதே. திரையில் இருப்பவர் பிள்ளை பார்க்கிற இடத்தைப் பார்க்கமாட்டார், பிள்ளை சிணுங்கினால் நிறுத்தமாட்டார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டலில் ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாமலும், அதிலும் குறைந்தால் நல்லது என்றும் இருக்கிறது.

சரி, போனைப் பறித்துவிட்டு நாள் முழுக்கப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டே இருந்தால் சரியா? அதுவும் இல்லை. 2018இல் வந்த ஓர் ஆய்வில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, மூளையையும் ஸ்கான் செய்து பார்த்தார்கள். கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி எவ்வளவு வேலை செய்தது என்பது, பெரியவர்கள் எத்தனை சொல் சொன்னார்கள் என்பதோடு அல்ல, பெரியவரும் பிள்ளையும் எத்தனை தரம் மாறி மாறிக் கதைத்தார்கள் என்பதோடுதான் பொருந்தியது.

எங்கள் வீடுகளில் பிள்ளையோடு நடக்கிற கதை பெரும்பாலும் பரீட்சை. "இது என்ன நிறம்? சொல்லு. ஆனை எப்பிடிக் கத்தும்? மாமிக்குச் சொல்லிக் காட்டு." நிறங்களையும் ஏபிசிடியையும் ஆங்கிலத்தில் ஒப்புவிக்கிற பிள்ளைக்குத் தண்ணி விடாய்த்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டத்தான் தெரியும். "ஏபிசிடி முழுக்கத் தெரியும் மிஸ், கதைதான் வருதில்லை" என்று பெற்றோர் ஆச்சரியப்படுகிறார்கள். ஒப்புவிப்பது வேறு, கேட்பதும் சொல்வதும் வேறு. பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து இருங்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி ஒரு சின்ன வசனம் சொல்லுங்கள். "காகம் வந்திட்டுது." பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பார்வை, சத்தம், கை காட்டுதல், எது வந்தாலும் அது மறுமொழிதான். அதற்கு நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். எட்டு ஒன்பது வரும்போது கை துருதுருக்கும், அம்மாமாருக்கு இதுதான் ஆகக் கடினம்.

மொழி பற்றியும் ஒன்று. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பிந்தாது. உலகத்தில் ஏராளமான பிள்ளைகள் அப்படித்தான் வளர்கிறார்கள். ஆனால் நாளைக்குக் கனடா போகலாம் என்ற நினைப்பில், தங்களுக்கே ஒழுங்காக வராத ஆங்கிலத்தில் "கம் பேபி, ஈற் பேபி" என்று மட்டும் கதைக்கும் வீட்டில் பிள்ளைக்குக் கிடைப்பது ஐம்பது சொல் ஆங்கிலம். கோபம், பகிடி, கதை, கெஞ்சல் எல்லாம் உங்களுக்கு எந்த மொழியில் தானாக வருகிறதோ அந்த மொழியில் கதையுங்கள்.

எப்போது யோசிக்க வேண்டும்? ஒரு வயதாகியும் மழலைச் சத்தமோ விரல் காட்டலோ இல்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வந்த சொற்கள் மறைந்துபோனால், எந்த வயதென்றாலும் உடனே காட்டவேண்டும். முதலில் காது பரிசோதனை. "சத்தம் கேட்டால் திரும்புறான்தானே" என்பது போதாது. கிளினிக் கொப்பியில் வளர்ச்சிப் படிகள் அச்சடித்தே இருக்கின்றன. ஊசித் திகதியைப் பார்க்கிற அக்கறையோடு அந்தப் பக்கத்தையும் பாருங்கள், சந்தேகம் என்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

பள்ளிக்கூட வயதில் இதே சிக்கல் வேறு பெயரில் வரும்: மொக்கு, பஞ்சி, குழப்படி. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகச் செய்வான், "கமலாவிடம் இருந்ததைவிட நான்கு மாம்பழம் குறைவாக" என்று வசனக் கணக்கு வந்தால் முழிப்பான். கணக்கில் அல்ல, வசனத்தில்தான் அவன் தடக்குப்படுகிறான். காதும் அறிவும் சரியாக இருந்தும் மொழி மட்டும் பின்தங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2016இல் வந்த ஆய்வொன்று பள்ளியில் சேரும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு இந்த நிலை என்று கண்டது. நாங்கள் அதற்குக் கொடுக்கிற மருந்து இன்னொரு ரியூசன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்தின வருடம் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் வாய் திறக்கிற நேரமே இராது. "படிச்சிட்டியா?" என்பதற்கு "ஓம்" என்பது உரையாடல் இல்லை.

நடுவயதைப் பற்றிச் சுருக்கமாக. 2009 வரையான போர்க் காலத்தைக் கடந்துவந்தவர்கள் கதைக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இதைத் தனியாளின் வடுவாக மட்டுமல்ல, சமூகம் முழுவதின் வடுவாகவும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். "மனசிலை வைக்காமல் எல்லாத்தையும் கொட்டு" என்று நெருக்குவதால் நன்மை இல்லை. கட்டாயப்படுத்திச் சொல்லவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் இருங்கள், அவராகத் தொடங்கினால் இடையில் புத்தி சொல்லாமல் கேளுங்கள். நித்திரையும் சாப்பாடும் குலைந்தால் ஆற்றுப்படுத்துநரிடமோ மனநல கிளினிக்கிற்கோ போகலாம். 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

இனி அம்மம்மா. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும். ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதை. அவ "ஓம் ஓம்" என்று சிரிப்பா. "அம்மா சந்தோசமா இருக்கிறா" என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அவவுக்குப் பாதி விளங்கவில்லை. முதுமையில் முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள். உயிரொலிகள் உரத்துக் கேட்கும், மெய்யொலிகள் நழுவும். "கேக்குது மோனை, ஆனா விளங்கேல்லை" என்று அவர்கள் சொல்வது மிகத் துல்லியமான விவரிப்பு. கத்தினால் உயிரொலிதான் இன்னும் பெருக்கும். முன்னால் வந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கொஞ்சம் ஆறுதலாகக் கதைத்தால் போதும்.

வெளிநாட்டிலிருந்து ஆரோ கையில் கொடுத்துவிட்ட காது மெசின் அலுமாரியில் கிடக்கிற வீடுகள் பல. காது அளக்காமல் வந்த மெசின் அரைவாசிக் காரணம். மற்ற அரைவாசி பற்றரி. அந்தச் சின்னப் பற்றரி காற்றுப்பட்டு வேலை செய்வது. ஒட்டுத்தாளை உரித்து, ஒரு நிமிசமாவது வெளியே வைத்துவிட்டுப் போடவேண்டும். உரித்தால் தேயத் தொடங்கும். திருப்பி ஒட்டி மிச்சம் பிடிக்க ஏலாது. முதல் கிழமை வீட்டுக்குள் ஆளோடு ஆளாக மட்டும் போட்டுப் பழகவேண்டும். நேரே கோயில் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டு போனால் மேளச் சத்தத்தில் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

இது சௌகரியத்துக்கான விசயம் மட்டுமல்ல. மறதிநோய் பற்றி லான்செற் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு 2024இல் குறைக்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைச் சொன்னது. காது கேட்பது குறைவதும் சமூகத் தனிமையும் இரண்டும் அதில் இருக்கின்றன. 2023இல் 70 முதல் 84 வயதான 977 பேரில் நடந்த பரீட்சார்த்தத்தில் காது மெசின் எல்லாருக்கும் மொத்தமாகப் பலன் காட்டவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்தவர்களில் மூன்று வருடத்தில் சிந்தனைத் திறன் குறைவது 48 வீதம் மெதுவானது. மெசின் போட்டால் மறதி வராது என்று விளம்பரம் செய்வோரிடம் ஏமாறவேண்டாம் என்பதற்காகவே இரண்டையும் சொல்கிறேன்.

கடைசியாகப் பாரிசவாதம். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய் பூசிக்கொண்டிராமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றுவதற்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். தப்பியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. அறிவு அங்கேயே இருக்கும், சொல்தான் வராது. வீட்டாரை மிகக் குழப்புவது ஒன்று: மனைவியின் பெயர் வராத மனுசன் விடியற்காலையில் தேவாரம் முழுக்கப் பாடுவார். "சாமிக்குப் பாடுறார், என்னோடை மட்டும் கதைக்கிறாரில்லை, உது பிடிவாதம்" என்று மனைவி அழுவா. பிடிவாதம் இல்லை. சின்ன வயதிலிருந்து ஊறிய வரிசை தானாக ஓடும். புதிதாக ஒரு சொல்லைத் தேடி எடுப்பது மூளைக்கு முற்றிலும் வேறு வேலை.

அவரிடம் கேள்வி கேட்டால் மனைவி மறுமொழி சொல்லுவா, அன்பினால்தான். கொஞ்ச நாளில் அவர் முயற்சி செய்வதையே விட்டுவிடுவார். "தேத்தண்ணியோ, பாலோ?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். விரல் காட்டட்டும், எழுதட்டும், தலையாட்டட்டும். இங்கேயும் பத்து எண்ணுங்கள், தேவையென்றால் இருபது. வந்த ஆட்கள் அவருக்கு முன்னாலேயே "விளங்குமோ இவருக்கு?" என்று கேட்டால் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சைக்குக் காசில்லை. தமிழில் செய்யக்கூடியவர்கள் குறைவென்பதால் திகதி தள்ளித்தான் கிடைக்கும். வரும்போது பழைய துண்டுகளையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுவாருங்கள். போனில் இரண்டு நிமிச வீடியோ ஒன்றும் எடுத்துவந்தால் எங்களுக்கு மிக உதவி. பிள்ளை பாட்டுப் பாடிக் காட்டுகிற வீடியோ வேண்டாம், ஐயா கை அசைத்துக் காட்டுகிறதும் வேண்டாம். வழமையான சாப்பாட்டு நேரம் போதும். போனை யன்னல் கட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு நீங்களும் படத்துக்குள் இருங்கள். நீங்கள் கதைக்கிறதையும் சேர்த்துத்தான் நாங்கள் பார்ப்போம்.