ஹாஷ் (ஒரு ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் அடையாள எண்) பொருந்துகிறது, சரி. எதோடு பொருந்துகிறது?

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதிலிருந்து, கும்பகோணத்தில் எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரே மாதிரி சிஸ்டங்களாக வருகின்றன. கடைசியாக வந்தது பாபநாசம் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றினுடையது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்காக விவசாயிகள் கொடுத்த ஆதார், சிட்டா, அடங்கல், பேங்க் பாஸ்புக் எல்லாம் அதில்தான் ஸ்கேன் ஆகியிருந்தன. போட்டிருந்ததோ டெலிகிராமில் கிடைத்த, யாரோ திருத்திச் சுருக்கிய ‘லைட்’ விண்டோஸ். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

“ஹாஷ் பார்த்துட்டுதாண்ணே போட்டேன், அப்படியே இருந்துச்சு” என்றார் அந்தத் தம்பி.

எந்த ஹாஷ்? ஃபைலைப் போட்ட அதே சேனலில், ஃபைலுக்குக் கீழேயே இருந்த ஹாஷ்.

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. ஹாஷ் பொருந்தினால், அந்தச் சேனல்காரர் ஏற்றிய ஃபைல் சேதமில்லாமல் உங்களிடம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் அவர் என்ன சேர்த்தார் என்று ஹாஷ் சொல்லாது. திருத்திய ஐஎஸ்ஓவுக்கும் (விண்டோஸ் போன்றவற்றை நிறுவ இறக்கும் ஃபைல்) ஹாஷ் உண்டு. அதுவும் கச்சிதமாகப் பொருந்தும். விதை நெல் மூட்டையில் நீல அட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற ஊர் இது. அந்த அட்டையை விற்பவரே அச்சடித்துக் கட்டியிருந்தால் ஒப்புக்கொள்வோமா? ஹாஷ் எண் தயாரித்தவரிடமிருந்து வரவேண்டும், ஃபைல் கொடுத்தவரிடமிருந்து அல்ல.

அதிகாரபூர்வ தளத்துக்கும் ஆபத்து வந்ததுண்டு. 2016 பிப்ரவரி 20-ல் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோட் இணைப்பைப் வெளியாள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். இணைப்பை மாற்ற முடிந்தவருக்குப் பக்கத்திலுள்ள எண்ணை மாற்றுவது பெரிய வேலையில்லை. அதனால்தான் உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் ஹாஷ் பட்டியலோடு ஜிபிஜி கையொப்பமும் (பட்டியல் தயாரித்தவரிடமிருந்தே வந்தது என்று அவருடைய டிஜிட்டல் சாவியால் காட்டும் முத்திரை) தருகின்றன. லினக்ஸ் போடுபவர்கள் தயவுசெய்து அதையும் சரிபாருங்கள். அந்தச் சாவியை அடையாளம் காட்டும் கைரேகை எண்ணை வேறோர் இடத்திலும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11 வேண்டுமா? மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே ஐஎஸ்ஓ கிடைக்கிறது, ஷா-256 என்ற வகை ஹாஷ் எண்ணும் அங்கேயே இருக்கிறது. முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். விண்டோஸிலேயே இருக்கும் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் (Get-FileHash) கட்டளையோடு ஃபைல் பெயரைக் கொடுத்து, வரும் 64 எழுத்தையும் ஒப்பிடுங்கள். முதல் நான்கு, கடைசி நான்கு பார்த்துவிட்டு ‘ஓகே’ சொல்லாதீர்கள். பென்டிரைவில் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்யவேண்டும். பொருந்தாவிட்டால் டவுன்லோட் பாதியில் நின்றிருக்கலாம். அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

சக சர்வீஸ்காரர்களுக்கும் ஒன்று: யாரோ எப்போதோ கொடுத்த பென்டிரைவையே ஊரெல்லாம் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? ஆன்டிவைரஸ் ஓட்டிப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். அடித்தளமே கெட்டிருக்கும்போது அதன்மேல் ஓடும் ஸ்கேனை நம்ப முடியாது. தேவையான ஆவணங்களை மட்டும் எடுத்துவிட்டு டிஸ்க்கை முழுதாக அழித்துப் புதிதாகப் போடுங்கள். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறு சிஸ்டத்திலிருந்து மாற்றுங்கள். உங்களிடம் ஆதாரும் பாஸ்புக்கும் கொடுத்துவிட்டுப் போனவர்களைக் கூப்பிட்டு, கணக்கைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.