பட்டாணிச் செடியைப் பிடுங்கும் முன் கணுவைப் பாருங்கள்

மறுபடியும் அதே படம். தொட்டியில் முழங்கால் உயரத்துக்குப் பட்டாணி. இலை இருக்க வேண்டிய இடமெல்லாம் சுருள் சுருளாகக் கம்பி. கூடவே அதே கேள்வி: "வைரஸா? நுண்ணூட்டம் தெளிக்கட்டுமா?" பாதிப் பேர் பதில் வருவதற்குள் பிடுங்கியும் போட்டுவிடுகிறார்கள்.

நோய் இல்லை. 'அரை இலையிலி' என்ற ரகமே அப்படி.

கணுவைக் கிட்டத்தில் பாருங்கள். தண்டை அணைத்தபடி இரண்டு அகலமான பச்சைத் தட்டுகள் தெரியும். இலை என்று பலரும் நினைக்கும் இவை இலையடிச் செதில்கள். வழக்கமான பட்டாணியில் இவற்றுக்கு மேலே காம்பில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள், நுனியில் பற்றுக்கம்பி. உங்கள் செடியில் சிற்றிலை வர வேண்டிய இடத்திலும் கிளைத்த பற்றுக்கம்பியே வந்திருக்கிறது. முதல் இலையிலிருந்தே இப்படி, ஒரே பாக்கெட்டில் முளைத்த எல்லாச் செடியிலும் இப்படி, செதிலும் நல்ல பச்சை என்றால் மருந்துக் கடைப் பக்கமே போகாதீர்கள். கீழே சிற்றிலை ஒழுங்காக வந்து, மேலே போகப்போகச் சுருங்கி, திட்டுத்திட்டாக வெளிறினால் அப்போது வைரஸைச் சந்தேகப்படுங்கள். தண்டும் முறுக்கிக்கொண்டிருந்தால், பக்கத்து வயலில் களைக்கொல்லி அடித்தார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

நோய் இல்லை என்றதும் அடுத்த அம்பு வரும்: "அப்போ மரபணு மாற்றிய விதை!" பொறுமையைச் சோதிப்பது இதுதான். இந்தப் பண்பை 1953இல் பின்லாந்தில் குயாலா என்ற ஆய்வாளர் எழுதி வைத்தார். 1965இல் அர்ஜென்டினாவில் கோல்டன்பெர்க் என்ற ஆய்வாளர் இதற்கு 'அஃபிலா' என்று பெயரிட்டார். செடிக்குள் வேற்று மரபணுவைச் செலுத்தும் நுட்பம் கைக்கு வந்ததோ 1980களில். இங்கே யாரும் எதையும் உள்ளே நுழைக்கவில்லை. அடுத்தடுத்து இருந்த இரண்டு மரபணுக்கள் தாமாகவே தொலைந்துபோயின. அந்தச் செடியை மற்ற ரகங்களோடு ஒட்டுச் சேர்த்தார்கள் (அதாவது ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் தடவினார்கள்), வந்த செடிகளில் நல்லதை வடிகட்டினார்கள், அவ்வளவுதான். குட்டைப் பட்டாணியும் ஒரு மரபணுக் கோளாறில் வந்ததுதான். அதை 1866இல் மெண்டலே எழுதியிருக்கிறார், அதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அவர் எடுத்துக்கொண்ட ஏழு பண்புகளில் இலை வடிவம் இல்லை. பள்ளிப் புத்தகத்தில் பார்க்காத செடி என்பதால்தான் இத்தனை பீதியோ என்னவோ.

எதற்கு இந்த வேலை? சாயாமல் நிற்பதற்கு. பற்றுக்கம்பிகள் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ள, வயல் முழுக்க ஒரே வலையாக நிற்கும். காற்று உள்ளே புகும், காய் மண்ணில் படாது, இயந்திர அறுவடையும் சுலபம். 1970களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் ஸ்னோட் என்ற ஆய்வாளர் ஒரு படி மேலே போய், இலையடிச் செதிலையும் சிறிதாக்கும் 'எஸ்டி' மரபணுவைச் சேர்த்துப் பார்த்தார். அது முழு இலையிலி. உணவு தயாரிக்கும் பரப்பு குறைந்தால் செடி என்ன செய்யும்? கடைசியில் நிலைத்தது செதிலை விட்டுவைத்த அரை இலையிலிதான். ஐரோப்பாவிலும் கனடாவிலும் காயவைத்து விற்கும் உலர் பட்டாணி பெரும்பாலும் இந்த வகை. நம் நாட்டில் ஹரியானாவின் ஹிசாரிலிருந்து வந்த அபர்ணா என்ற குட்டை ரகமும் இப்படித்தான்.

தயவுசெய்து இதைக் கொடிப் பட்டாணி மாதிரி எட்ட எட்ட நடாதீர்கள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் எந்தக் கம்பியும் உதவாது. செடி படுத்துவிடும், பிறகு ரகத்தின் மேல் பழி. உயர ரகத்துக்கு வரிசை இடைவெளி 30 செ.மீ. என்றால் குட்டை அரை இலையிலிக்கு 20 முதல் 22.5 செ.மீ. போதும்; விதை ஹெக்டேருக்கு 100 கிலோ வரை போகும். நிழல் குறைவு என்பதால் களை குஷியாக வளரும். முதல் 45 நாள் களை எடுக்காமல் விட்டால் விளைச்சலை மறந்துவிடுங்கள்.

சொந்தமாக ஒட்டுச் சேர்க்கிறவர்களுக்கும் கொஞ்சம் திட்டு இருக்கிறது. பட்டாணி, பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தைத் தானே கொட்டிக்கொள்ளும். இதழ் எட்டிப் பார்த்த மொட்டில் கை வைப்பது வீண். புல்லி வட்டத்துக்குள் (மொட்டின் பச்சை உறைக்குள்) இதழ் அடங்கியிருக்கும்போதே மொட்டைப் பிரித்து, பத்து மகரந்தப் பைகளையும் எண்ணி எடுங்கள்; ஒன்பது சேர்ந்திருக்கும், பத்தாவது தனியாக நிற்கும், பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். அன்று விரிந்த பூவின் சூல்தண்டில் ஒரு பக்கம் ரோமம் இருக்கும். மகரந்தம் அதில் அப்பியிருக்கும். அதையே தூரிகையாக வைத்துத் தடவலாம்.

அரை இலையிலியைத் தாயாகவும் இலையுள்ள ரகத்தைத் தந்தையாகவும் வையுங்கள். இது ஒடுங்கு பண்பு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும், அதனால் உண்மையான ஒட்டு விதை சிற்றிலையோடு முளைக்கும். கம்பியோடு முளைத்தால் தன்மகரந்தச் சேர்க்கை, தூக்கி எறியுங்கள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "இலை வந்துவிட்டது, ஒட்டு தோற்றுவிட்டது" என்று நல்ல நாற்றைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் நாலுக்கு ஒன்று அரை இலையிலி. நாற்றிலேயே பிரித்துவிடலாம், இலைப் பண்பு அங்கேயே நிலைத்துவிடும். உயரம், காய்ப்பு, சாம்பல் நோய் எதிர்ப்பு அப்படி நிலைக்காது. அதற்கு இன்னும் நாலைந்து தலைமுறை பொறுக்க வேண்டும். இலையுள்ள செடிகளில் மூன்றுக்கு இரண்டு அந்த மரபணுவை ஒளித்து வைத்திருக்கும், கண்ணால் தெரியாது. எது என்று தெரிய வேண்டுமானால் அந்தச் செடியின் விதையில் 11ஐயாவது விதைத்துப் பாருங்கள்; ஒன்று கம்பியோடு முளைத்தாலும் ஒளித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாமே சிற்றிலையோடு வந்தால், ஒளித்து வைத்த செடி அப்படித் தப்பியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாலு; 16 விதைத்தால் அது நூற்றுக்கு ஒன்றாகிவிடும்.