சட்டியில் வெந்த மான்

மாசி மகா சிவராத்திரி கழிந்ததும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாரி வேட்டைப் பேச்சு, அதாவது ஊரார் கூட்டமாக வேட்டைக்குப் போகும் வழக்கத்தைப் பற்றிய பேச்சு, எழும். பின்னாலேயே வனத்துறையின் எச்சரிக்கையும் வரும். அந்தச் சமயத்தில் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரிலிருந்து வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: “தோலையும் கொம்பையும் புதைத்துவிட்டு, கறியை மசாலாவில் போட்டு வேகவைத்துவிட்டால் அது மான் என்று யாரால் சொல்ல முடியும்? ஆட்டுக்கறி என்று சாதித்துவிடலாமே?”

கேட்டவர் மேல் எனக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. நல்ல கேள்வி.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பது துப்பாக்கியால் சுடுவது மட்டுமல்ல. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது எல்லாமே வேட்டைதான். முயன்று தோற்றாலும் வேட்டைதான். “நாய் கடித்துச் செத்துக் கிடந்தது, எடுத்து வந்தோம்” என்ற வழக்கமான பதிலும் எடுபடாது. செத்துக் கிடக்கும் காட்டு விலங்கு அரசின் சொத்து என்கிறது 39ஆம் பிரிவு. 57ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. ஒருவர் வசம் காட்டு விலங்கின் கறி இருந்தது என்று நிரூபணமாகிவிட்டால், அது முறைகேடாக வந்ததல்ல என்று காட்டுவது அவர் பொறுப்பு. ஆனால் அந்தக் கட்டத்துக்கு வழக்கு போக வேண்டுமானால், சட்டியில் இருப்பது மான் என்பதை வனத்துறை முதலில் நிறுவியாக வேண்டும். வழக்கு நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

வேகவைத்தால் தடயம் அழிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பழைய ஆய்வு முறைகள் புரதத்தை நம்பியிருந்தன. மான் புரதத்தோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைச் சேர்த்து, திரிகிறதா என்று பார்ப்பார்கள். புரதமோ சூடு தாங்காது. வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாது. முடி ஒன்று கிடைத்தால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லலாம். தோலை உரித்துப் புதைத்தவர் முடியை விட்டுவைத்திருப்பாரா?

டி.என்.ஏ.வின் குணம் வேறு. முறுக்கிய இரட்டை இழைக் கயிறு அது. உயிரின் மரபுச் செய்தி அதில் நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. கொதிக்கும்போது இழைகள் இரண்டும் பிரிகின்றன, அவ்வளவுதான், எழுத்துகள் அழிவதில்லை. உண்மையான சேதத்தைச் செய்வது சூடும் புளிப்பும் சேர்ந்த கூட்டணி. புளியும் தக்காளியும் போட்டுக் கொதிக்கவிட்டால், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் அடினைன், குவானைன் என்ற இரண்டும் ஆங்காங்கே உதிர்கின்றன. உதிர்ந்த இடத்தில் இழை அறுகிறது. குக்கரில் பல விசில் விட்டால் நீண்ட கயிறு சில நூறு எழுத்து நீளமுள்ள துண்டுகளாகவோ, அதைவிடச் சின்னதாகவோ ஆகிவிடும். குழம்பைவிட உப்புக்கண்டம் மேல் என்று சொல்ல வேண்டும், தடயவியல்காரரின் கோணத்திலிருந்து. இழை அறுவதற்குத் தண்ணீர் வேண்டும். உப்பிட்டு வெயிலில் உலர்த்திய கறியில் அது மிகக் குறைவு. பரணில் கட்டித் தொங்கவிட்டவர் சாட்சியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

அறுந்த துண்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கே மைட்டோகாண்ட்ரியா கைகொடுக்கிறது. செல்லின் கருவில் உள்ள டி.என்.ஏ. இரண்டு பிரதிதான், தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளோ தனியாக ஒரு சின்ன வட்ட டி.என்.ஏ. இருக்கிறது, சுமார் 16,500 எழுத்து நீளம். அது ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் உண்டு. ஓடிப் பிழைக்கும் விலங்கின் தொடைத்தசையில் கேட்கவே வேண்டாம். அத்தனை பிரதிகளும் ஒரே இடத்தில் அறுவதில்லை. எங்காவது சில, தேவையான பகுதி முழுதாகத் தப்பியிருக்கும்.

அந்தத் தேவையான பகுதி எது? சைட்டோகுரோம் பி என்ற மரபணு; நீளம் சுமார் 1,140 எழுத்து. அதை விளக்க எனக்கு எங்கள் ஊர் வீடுகளைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடுகள் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் எத்தனையோ உண்டு. வரிசையான பத்து வீடுகளுக்கு முன்வாசலும் பின்வாசலும் ஒரே அச்சில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால் ஒரு வீட்டின் வளவு, அதாவது உள்முற்றப் பகுதி, இன்னொன்றைப் போல இருக்காது. தூண் வேறு, தளத்து ஆத்தங்குடிக் கல் வேறு. சைட்டோகுரோம் பி மரபணுவும் அப்படித்தான். அதில் சில இடங்கள் கோழி, ஆடு, மான், மனிதன் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றே. நடுவில் உள்ள எழுத்துகள் இனத்துக்கு இனம் மாறும். ஆட்டையும் மானையும் ஒப்பிட்டால் நூறு எழுத்தில் பத்துக்கு மேல் வேறுபடும்.

ஆகவே விலங்கு எதுவென்று தெரியாமலேயே இரண்டு வாசல்களிலும் பொருந்தும் சாவிகளைச் செய்துவிடலாம். இருபது எழுத்து அளவிலான இந்தச் சாவிகளுக்குப் பிரைமர் என்று பெயர். பெரும்பாலான முதுகெலும்பிகளுக்குப் பொதுவாகப் பொருந்தும் ஒரு ஜோடியை ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் வர்மாவும் லால்ஜி சிங்கும் உருவாக்கி 2003இல் வெளியிட்டார்கள். குக்கர் மிகவும் சேதப்படுத்தியிருந்தால் வாசலுக்கு வாசல் போக வழியிருக்காது, நடுவில் சுவர் இடிந்திருக்கும். அப்போது வளவின் ஒரு மூலையை மட்டும் பார்க்கும், நூறு இருநூறு எழுத்து நீளத்துக்கான சாவிகளைப் போடுவார்கள்.

சாவி கிடைத்ததும் நகலெடுப்பு. இந்த இடத்தை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். தடயத்தை அழிக்க வேட்டையாடியவர் கறியைக் கொதிக்கவைத்தார். ஆய்வகம் செய்யும் முதல் வேலை மறுபடி கொதிநிலைக்கு அருகே கொண்டுபோவதுதான்! 95 டிகிரியில் இழைகள் பிரிகின்றன. 55 டிகிரி வாக்கில் ஆறவிட்டால் பிரைமர்கள் போய் ஒட்டுகின்றன. 72 டிகிரியில் ஒரு நொதி அங்கிருந்து தொடங்கி எதிர் இழையை எழுத்து எழுத்தாகக் கட்டுகிறது. ஒன்று இரண்டாகிவிட்டது. மறுபடி 95. இப்படி 30 சுற்று, ஓரிரண்டு மணி நேரம். கணக்குப்படி ஒரு துண்டு 107 கோடி துண்டுகளாகும். இதுதான் பி.சி.ஆர். கோவிட் காலத்தில் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டார்களே, அதே பி.சி.ஆர். இத்தனை நகல் கையில் இருந்தால் நடுவில் உள்ள எழுத்துகளைப் படித்து, தெரிந்த இனங்களின் எழுத்துகளோடு ஒப்பிட்டு, ஆடா மானா என்று சொல்லிவிடலாம்.

புரதம் சூடு தாங்காது என்றேனே, நொதியும் புரதம்தானே? 95 டிகிரியில் அது மட்டும் எப்படிப் பிழைக்கிறது? இந்த நொதி வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவுடையது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளிலிருந்து அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து தாமஸ் பிராக் 1969இல் விவரித்தார். அவர் எந்தப் பயனையும் தேடிப் போகவில்லை, வெந்நீரில் என்ன வாழ்கிறது என்று பார்க்கப் போனார். 1983இல் பி.சி.ஆர். யோசனை கேரி முல்லிஸுக்குத் தோன்றியது. சூடு தாங்கும் அந்த நொதி வந்து சேர்ந்த பிறகுதான் முறை சூடு பிடித்தது. 1993இல் அவருக்கு நோபல் பரிசு. “வெந்நீரில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பணம் தாருங்கள்” என்று இன்று இங்கே ஒருவர் விண்ணப்பித்தால், “சமூகப் பயன் என்ன?” என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லியே அவரை ஆறவைத்துவிடுவோம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த அழகப்பச் செட்டியார் இருந்த மண் இது. அதனால்தான் இந்தக் கோபம்.

மசாலா தொல்லை செய்யாதா என்றால், செய்யும். பட்டை, கிராம்பில் உள்ள பாலிபீனால் என்ற வேதிப்பொருள்களும் கொழுப்பும் அந்த நொதியின் கையைக் கட்டிவிடும். அதற்கு மணலின் மூலப்பொருளான சிலிக்காவே மருந்து. அடர்ந்த உப்புக் கரைசலில் டி.என்.ஏ. சிலிக்காவோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹால் விட்டு மசாலாவை அலசிவிட்டு, உப்பில்லாத நீர் விட்டால் டி.என்.ஏ. தனியே இறங்கிவரும். ஆட்டுக்கறியோடு மான் கறியைக் கலந்திருந்தால் பொதுச்சாவி குழம்பும். மானுக்கு மட்டும் பொருந்தும் சாவி போட வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியா இனத்தைச் சொல்லும், அந்த இனத்தில் இந்தத் தனி மான்தான் என்று சொல்லாது. ஜீப்பில் சிந்திய ரத்தமும் சட்டியில் உள்ள கறியும் ஒரே மானுடையவையா என்று அறிய, கருவின் டி.என்.ஏ.வுக்குத்தான் போக வேண்டும். வெந்த கறியில் அது கடினம்.

ஆய்வகத்தைவிட எனக்குக் கவலை தருவது, மாதிரி அங்கே போய்ச் சேரும் விதம். கெடாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. புரதத்தோடு பிணைந்துபோகும், பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்தால் அழுகும். தூய ஆல்கஹாலில் போட வேண்டும், அல்லது உறைய வைக்க வேண்டும். இரவு முழுவதும் காட்டில் அலையும் வேட்டைத் தடுப்புக் காவலர் கையில் ஒரு டார்ச்சும் தடியும் கொடுத்தோம். கூடவே ஒரு சீசா ஆல்கஹாலும் முத்திரையிடும் உறையும் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

மான்கொம்பைச் சுட்டுப் பொடித்தால் நெஞ்சுவலி போகும் என்று நம்பி வாங்குபவர்களும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். மான்கொம்பு எலும்பு. எலும்பைச் சுட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்; ஆட்டெலும்பைச் சுட்டாலும் அதுவே.

திருப்பத்தூர் வாசகருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். “சரி, சாப்பிட்டு முடித்து, சட்டியையும் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டால்?” என்று பதில் வந்தது. விடமாட்டார் போலிருக்கிறது. சட்டியை விடுங்கள் ஐயா, கறி வெட்டிய புளியங்கட்டை எங்கே? கத்தி விழுந்து விழுந்து அதில் நூறு கீறல் இருக்கும். எவ்வளவு கழுவினாலும் கீறலின் அடியில் ரத்தமும் தசைநாரும் காய்ந்து கிடக்கும், வேகாமல், புளி படாமல்.