டிஸ்பிளேயில் எண் ஓடுகிறது, பதிவு இருக்கிறதா?

தடுப்பூசி வைக்கும் குளிர் அறைகளில் வெப்பநிலை மேப்பிங் செய்வது என் வேலை. அறையின் எந்த மூலையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரம்பை விட்டு விலகவில்லை என்பதை உறுதிசெய்ய, 20 சேனல் கார்டு (20 இடங்களை அளக்க உதவும் பலகை) பொருத்திய அஜிலன்ட் 34970ஏ டேட்டா லாகரையும் (அளவீடுகளைத் தானே பதிவுசெய்யும் கருவி) தெர்மோகப்பிள்களையும் (வெப்பநிலையை உணரும் கம்பிகள்) எடுத்துச் செல்வோம்.

ஒருமுறை மாலை ஆறு மணிக்கு ஸ்கேனை, அதாவது எல்லாச் சேனல்களையும் வரிசையாக அளந்து பதியும் சுற்றைத் தொடங்கிவிட்டுக் கிளம்பினோம். ஏழு மணிக்குச் சரக்கு ஏற்றுவதற்காகக் கதவு நெடுநேரம் திறந்திருக்கும். அப்போது வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று அறியவே அந்தச் சோதனை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பார்த்தபோது டிஸ்பிளேயில் 4.6 டிகிரி நிதானமாக நின்றது. ஓரத்தில், நினைவகம் நிரம்பி வழிந்ததைக் காட்டும் 'மெம்' என்ற சிறிய எழுத்து எரிந்துகொண்டிருந்தது. முன்பலகையிலிருந்து தொடங்கினால் 10 விநாடிக்கு ஒரு ஸ்கேன், எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்பதே தொழிற்சாலை அமைப்பு. அதை நான் மாற்றவில்லை. 20 சேனல்களுக்கு மணிக்கு 7,200 அளவீடுகள் சேரும். நினைவகமோ 50,000 அளவீடுகளையே கொள்ளும். ஆகவே ஏழு மணி நேரம் முடியும் முன்பே அது நிரம்பி, பழைய அளவீடுகளின் மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டன. கதவு திறந்திருந்த நேரத்தின் பதிவு ஒன்றுகூட மிஞ்சவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

அன்றிலிருந்து இடைவெளியை முதலில் தாளில் கணக்கிட்டே அமைக்கிறேன். ஒரு நிமிடம் என்று வைத்தால் 24 மணி நேரத்துக்கு 28,800 அளவீடுகள், இடம் தாராளம். அதற்காக 15 நிமிடம் என்று நீட்டினால், ஐந்து நிமிடம் திறந்து மூடிய கதவு பதிவிலேயே தெரியாமல் போகலாம். கதவுதான் முக்கியம் என்றால் அதன் சுவிட்சை, வெளியிலிருந்து வரும் சைகையால் ஸ்கேனைத் தொடங்கும் வெளி டிரிகரில் இணைக்கலாம். அலாரம் டிரிகர், கண்காணிக்கும் சேனல் வரம்பைத் தாண்டினால்தான் ஸ்கேனைத் தொடங்கும்; அதற்கு முன் நடந்ததையோ வேறொரு மூலை உறைநிலைக்கு இறங்கியதையோ அது சொல்லாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஒருமுறை உறைந்தாலே பயனற்றுப் போகும் என்பதால், மேப்பிங்குக்கு நான் குறித்த இடைவெளியில் ஸ்கேன் செய்யும் டைமரை மட்டுமே நம்புகிறேன்.

டிஸ்பிளே விஷயத்திலும் கவனம் தேவை. கருவியின் 'மானிட்டர்' முறையில் டிஸ்பிளேயில் ஓடும் எண், தேர்ந்தெடுத்த ஒரே சேனலின் நேரடி அளவீடுதானே தவிர, நினைவகத்தில் சேர்ந்த பதிவு அன்று. கணினியோடு இணைத்து ஓட்டும்போது வேகத்துக்காகச் சிலர் டிஸ்பிளேயை அணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிழைக்குறி தவிர மற்றக் குறிகள் எல்லாம் மறைந்துவிடும், 'மெம்' உட்பட. நிமிடத்துக்கு ஒரு ஸ்கேன் ஓடும் வேலைக்கு அந்த வேகம் தேவையே இல்லை.

புதிய ஸ்கேன் தொடங்கிய கணமே முந்தைய அளவீடுகள் அனைத்தும் அழிக்கப்படும். எனவே காலையில் அறைக்கு வந்ததும், ஸ்கேன் பொத்தானில் கை வைப்பதற்கு முன் பதிவைக் கணினிக்கு இறக்கி, முதல் அளவீட்டின் நேரம் நீங்கள் தொடங்கிய நேரம்தானா என்று பார்த்துவிடுங்கள்.