பங்குனி என்பது தப்பான விடையா?

பெரியம்மாவுக்கு அப்போது 74 வயது. மேலூர் பக்கம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கல்யாணமாகி மதுரை மாசி வீதிக்கு வந்தபின் முப்பது வருடம் பூக்கட்டி விற்றார். அடுப்பில் பால் தீய்வதும், பால்காரருக்கு இரண்டு தடவை காசு கொடுப்பதும் வழக்கமாகிப் போகவே, ஒரு ஏப்ரல் மாதம் டாக்டரிடம் கூட்டிப்போனோம். சின்ன வயது டாக்டர். ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“இது என்ன மாசம் பாட்டி?”

“பங்குனி.”

“இங்கிலீஷ் மாசம்? தேதி?”

“உத்திரம் போயி நாலாம் நாளு, பாப்பா.”

தாளில் இரண்டு சைபர் விழுந்தது. பத்து நிமிடம் கழித்துக் கூட்டிப் பார்த்து, 30-க்கு 17 என்றார்.

நினைவையும் யோசனையையும் சோதிக்கும் அந்தத் தாளுக்கு எம்.எம்.எஸ்.இ. (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்) என்று பெயர். 1975-இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ என்ற மூவர் வெளியிட்டது. நாளும் இடமும் சொன்னால் 10 மதிப்பெண். டாக்டர் சொல்லும் மூன்று சொற்களை உடனே திருப்பிச் சொன்னால் 3, கணக்குக்கு 5, சற்றுக் கழித்து அதே மூன்று சொற்களை நினைவுபடுத்திச் சொன்னால் 3, மொழிக்கு 8, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைந்தால் 1. மொத்தம் 24-க்குக் கீழே போனால் டிமென்ஷியாவோ, அதாவது மறதி நோயோ, என்று சந்தேகப்படுவது வழக்கம்.

பெரியம்மா விட்ட 13 மதிப்பெண் எங்கெங்கே போயிற்று என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மாதம், தேதிக்கு 2. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகும் கணக்கில் 5. எழுதியதைப் படித்து அதன்படி செய்வதும், சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுவதும் சேர்த்து 2. ஐங்கோணம் 1. மூன்று சொற்களுக்கு 3. இந்தப் பதின்மூன்றும் ஒரே ஜாதி இல்லை.

முதலில் தேதி. இதை ஏன் கேட்கிறார்கள்? சின்ன வயதுச் சங்கதிகள் மூளையில் கெட்டியாகப் படிந்து கிடப்பவை. மறதி நோய் அவற்றைக் கடைசியில்தான் தொடும். இன்றைய தேதியோ தினமும் மாறுவது. நேற்றையதை அழித்து இன்றையதை எழுதும் வேலை மூளைக்குள் ஒழுங்காக நடந்தால்தான் அதைச் சொல்ல முடியும். சரி, ‘உத்திரம் போய் நாலாம் நாள்’ என்பதற்கும் அதே வேலைதானே நடந்திருக்க வேண்டும்? ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று தெருவுக்குத் தெரு மாதப் பெயர் வைத்திருக்கும் ஊரில், பங்குனிக்குச் சைபர் போடுவது அநியாயம்.

நூறில் ஏழைக் கழிப்பது கணக்குப் பரீட்சையே இல்லை, கவனப் பரீட்சை. 93 என்ற விடையைப் பிடித்துக்கொண்டே அதிலிருந்து அடுத்த ஏழைக் கழிக்க வேண்டும், கையிலிருப்பதை நழுவவிடக் கூடாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் கழித்தல் பழகியவர்களுக்குத்தான் அது கவனப் பரீட்சை. மற்றவர்களுக்குக் கணக்குப் பரீட்சையேதான். பெரியம்மாவிடம் நூறு ரூபாய் நீட்டி 35 ரூபாய்க்குப் பூ வாங்கினால், மீதி கண்ணிமைப்பதற்குள் கைக்கு வரும். அதைக் காட்டி ‘மூளை நல்லாத்தான் இருக்கு’ என்று வீட்டில் வாதாடினார்கள். அதுவும் தப்பு. ஆயிரம் தடவை செய்த காரியம் கையோடு ஊறிப்போயிருக்கும். வாசலில் சிக்குக் கோலம் பிசகாமல் போடுகிறவருக்கும் மறதி நோய் தொடங்கியிருக்கலாம். அதனால்தான் பரீட்சை, பழகாத ஒன்றையே கேட்கிறது.

இனி அந்த மூன்று சொற்கள். இந்தத் தாளின் உயிரே அங்கேதான். தேர், கிணறு, வெல்லம் என்று வைத்துக்கொள்வோம். (நிஜமாகக் கேட்டவை வேறு, கேள்வித்தாளை வெளியிட்ட பாவம் எனக்கு வேண்டாம்.) சொன்னவுடன் திருப்பிச் சொல்வது எளிது, எதிரொலி மாதிரி. அப்புறம் நடுவில் கணக்கு, படம் என்று வேறு வேலை கொடுப்பது, மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பதைத் தடுப்பதற்காக. எதிரொலி அடங்கியபிறகும் சொல் மிஞ்ச வேண்டுமென்றால், காதுக்கு மேலே மூளையின் உள்மடிப்பில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர் பெரும்பாலும் முதலில் அரிப்பது அந்தப் பகுதியைத்தான்.

பெரியம்மாவுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. டாக்டர் துப்புக் கொடுத்தார்: “தேரா, மணியா, குடையா?” பெரியம்மா தயங்காமல் “குடை” என்றார். துப்புக் கொடுத்ததும் ‘அட, தேர்!’ என்று வந்திருந்தால் சொல் உள்ளே இருக்கிறது, தேடி எடுப்பதில்தான் சிக்கல் என்று கொள்ளலாம். மனச்சோர்விலும், மூளை ரத்தக்குழாய்க் கோளாறிலும் அப்படி நடப்பதுண்டு. துப்பும் உதவவில்லை என்றால் பதிவே ஆகவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். பத்து மதிப்பெண்ணைப் பள்ளிக்கூடத்தின் கணக்கில் தள்ளிய எனக்கு, இந்த மூன்றை அப்படித் தள்ள முடியவில்லை.

மூன்று சொல்லோடு ஒரு கடிகாரம் மட்டும் வரையச் சொல்லும் குட்டிப் பரீட்சையும் உண்டு: 2000-இல் வந்த மினி-காக். மூன்று நிமிடம் போதும். முள்ளை 11 மணி 10 நிமிடத்தில் வைக்கச் சொல்வார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘பத்து’ என்று காதில் விழுந்ததும் கை 10-ஐ நோக்கி இழுக்கும். அந்த இழுப்பை அடக்கி, பத்து நிமிடம் என்றால் பெரிய முள் 2-இல் என்று மாற்றி யோசிப்பது மூளையின் முன்பகுதியின் வேலை. ஆனால் பென்சிலே பிடிக்காத கைக்கு வட்டம் போடுவதே வேலைதான்.

நோய்க்கு முந்திய படிக்கட்டு ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் எம்.சி.ஐ. என்பார்கள்: நினைவு வயதை மீறிக் குறைந்திருக்கும், ஆனால் அன்றாடக் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்வார்கள். எம்.எம்.எஸ்.இ. அவர்களுக்கு ரொம்பச் சுலபம். அதற்காக மொன்றியலில் ஜியாத் நஸ்ரெதின் குழுவினர் 2005-இல் கொண்டுவந்தது மோகா என்ற பரீட்சை. மூன்றுக்குப் பதில் ஐந்து சொற்கள், 30-க்கு 26-க்குக் கீழே போனால் சந்தேகம். அவர்களுடைய முதல் ஆய்விலேயே, எம்.சி.ஐ. உள்ளவர்களில் 90 சதவீதம் பேரை மோகா பிடித்தது, எம்.எம்.எஸ்.இ. பிடித்தது 18 சதவீதம். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுகிறார்கள். பிளஸ் டூ படித்தவருக்கும் ஒன்று, மூன்றாம் வகுப்புக்கும் அதே ஒன்று. தர்ம மதிப்பெண் என்றாலும் கொஞ்சம் பார்த்துப் போட்டிருக்கலாம்.

படிக்காதவர்களுக்கென்றே நம் நாட்டில் வேலை நடந்திருக்கிறது. ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் எம்.எம்.எஸ்.இ.யை இந்திக்கு மாற்றியவர்கள், படிப்பதையும் எழுதுவதையும் எடுத்துவிட்டுப் பேச்சும் செய்கையும் வைத்தார்கள். வேலூரில் தமிழ்க் கிராமத்து முதியவர்களுக்காகவே சிறு கேள்விகள் தயாரித்தார்கள். இவற்றைவிட எனக்குப் பிடித்த வழி, கூட இருப்பவரைக் கேட்பது: ‘முன்பு செய்த எதை இப்போது செய்யத் தடுமாறுகிறார்?’ இதில் படிப்பு குறுக்கே வருவது குறைவு, ஒருவரை அவருடைய பழைய நிலையோடுதான் ஒப்பிடுகிறோம். பால் தீய்ந்த கதையைச் சொல்ல நாங்கள் இருந்தோமே.

இன்னொரு கணக்கு. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023-இல் வெளியான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. நூறு பேரை உட்கார வைத்தால் ஏழு பேர். பரீட்சை நோயாளிகளில் 85 சதவீதத்தைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 10 சதவீதத்தைத் தப்பாகப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஏழில் ஆறு பேர் மாட்டுவார்கள், கூடவே ஒன்றும் இல்லாத ஒன்பது பேரும் மாட்டுவார்கள். ஆக, குறைந்த மதிப்பெண் அடுத்த பரிசோதனைக்கான சீட்டு மட்டுமே. பி-12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், காது மந்தம் என எல்லாமே மதிப்பெண்ணை இறக்கும். அவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. பெரியம்மாவுக்கும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பெரியம்மா ரொம்ப நேரம் யோசனையாக இருந்தார். பெரியார் பேருந்து நிலையம் தாண்டியதும் என் கையைத் தட்டினார்.

“அந்தப் பாப்பா மூணு சாமான் சொன்னுச்சே. வீட்டுக்கு வாங்கிட்டுப் போகணுமாடா?”