குரல் தாழ்ந்தால் கிண்டலா, உயர்ந்தால் கிண்டலா?

கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார் ஒருவர். "ஆகா, சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்துட்டீங்களே!" என்கிறார் காத்திருந்தவர். சொல்லில் இருப்பது பாராட்டு. ஆனால் குத்தல் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. எப்படி என்று கேட்டால், "அதான் குரலிலேயே தெரியுதே" என்போம். அந்தக் குரல் எல்லா மொழியிலும் ஒன்றுதானா?

இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி சியாங், மார்க் பெல் இருவரும் ஆங்கிலம் பேசுவோர், ஹாங்காங் பகுதியின் சீன மொழியான கான்டனீஸ் பேசுவோர் ஆகியோரின் குரலை அளந்து ஒப்பிட்டு 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனதாரச் சொல்லும்போது இருந்ததைவிட, கிண்டலாகச் சொல்லும்போது ஆங்கிலக்காரர்களின் சுருதி இறங்கியது. கான்டனீஸ்காரர்களின் சுருதியோ ஏறியது. நேர் எதிர்!

2011-இல் வந்த அவர்களின் அடுத்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஒரு மொழியின் கிண்டலை அந்த மொழியே தெரியாதவர்களுக்கு ஒலிக்கவிட்டார்கள். தாய்மொழிக் கிண்டலைச் சுலபமாகப் பிடித்தவர்கள், தெரியாத மொழியில் குருட்டாம்போக்கில் ஊகிப்பவர் அளவுக்குத்தான் தேறினார்கள். கோபத்தையும் சோகத்தையும் மொழி புரியாமலேயே குரலை வைத்து ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். கிண்டலை அப்படி முடியாது.

கிண்டலுக்கென்று உலகப் பொதுவான குரல் எதுவும் இல்லை என்பதே இதிலிருந்து நான் புரிந்துகொள்வது. வழக்கத்திலிருந்து விலகுவதுதான் அதன் சைகை. எது வழக்கம் என்று தெரிந்தவருக்கே விலகலும் தெரியும். சுருதி மட்டும் அல்ல, மரியாதையும் அப்படித்தான். பத்து மணிக்கு எழுந்துவரும் தம்பியிடம் அக்கா, "வாங்க சார், அதுக்குள்ள எழுந்துட்டீங்களா?" என்கிறாள். எப்போதும் 'டா' போடுபவள் திடீரென்று 'சார்' போட்டால் தம்பிக்குச் சுருக்கென்று தைக்கும். கொரிய மொழியிலும் இதே உத்தி உண்டு. உரியதற்கு மேல் மரியாதை விகுதியைக் கூட்டினால் அது குத்தலாகிவிடும். பேச்சில் மரியாதைப் படிகள் இல்லாத மொழிக்காரர் இதைத் தவறவிட்டால் அதில் வியப்பில்லை.

கேட்பவர் மூளைக்கும் இதில் வேலை அதிகம். சொல்லின் பொருளைப் பிடிக்க வேண்டும், நிலவரத்தோடு ஒப்பிட வேண்டும், அப்புறம் சொன்னவர் மனதில் என்ன இருக்கிறது என்றும் ஊகிக்க வேண்டும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை மறதிநோயில், பேச்சு புரியும். கிண்டல் மட்டும் பிடிபடாமல் போகும். அதனால் நோயை அடையாளம் காணவும் இது மருத்துவர்களுக்கு உதவுகிறது.

எழுத்தில் குரலே கிடையாது. அமெரிக்காவில் உளவியலாளர் ஜஸ்டின் குரூகர் குழுவினர் செய்து 2005-இல் வெளியிட்ட சோதனையில், மின்னஞ்சலில் தாங்கள் எழுதியது கிண்டலா இல்லையா என்பதைப் படிப்பவர்கள் 78 சதவீதம் சரியாகச் சொல்வார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது 56 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். எழுதும்போது நம் குரல் நமக்குள் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் இந்த அதீத நம்பிக்கைக்குக் காரணம்.

எத்தியோப்பியாவின் எழுத்துமுறையில் கிண்டலுக்கென்றே ஒரு குறி இருக்கிறது: தலைகீழ் ஆச்சரியக்குறி போன்ற ஒன்றை வாக்கியத்தின் கடைசியில் போடுகிறார்கள். பிரான்சில் அல்காந்தர் த பிராம் என்ற கவிஞரும் 1899-இல் ஒரு குறியை முன்வைத்தார். அது புழக்கத்துக்கு வரவில்லை. கிண்டல் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அதன் கூர்மை பாதி போய்விடும் என்பதே இதற்குக் காரணம் என நினைக்கிறேன்.